கலங்கரை விளக்கத்திலிருந்து ஆத்தங்குடிக்கு

வீடு கட்டுகிறவர்கள் வாயில் இப்போது அடிக்கடி புழங்கும் ஊர்ப்பெயர் ஆத்தங்குடி. காரைக்குடிக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். ‘ஹாலுக்கு என்ன வேண்டுமானாலும் போடுங்கள், பூஜை அறைக்கு மட்டுமாவது ஆத்தங்குடி டைல்ஸ் வேண்டும்’ என்று கேட்பவர்கள் உண்டு. திண்ணை முதல் மாடிப்படி வரை அதையே பதிப்பவர்களும் உண்டு. ‘நம்ம ஊர்த் தொழிலாளிக்கு நாலு காசு போகட்டுமே’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். நல்ல காரணம்தான். கூடவே, ‘இது நூற்றுக்கு நூறு நம் பாரம்பரியம்’ என்று இன்னொரு வரியும் சேர்ப்பார்கள். சுவாரஸ்யம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நம் காலடியில் கிடக்கும் இந்தக் கல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், ஆங்கிலக் கால்வாயில் அலை மோதும் ஒரு பாறையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பிளைமவுத் துறைமுகத்துக்கு வெளியே, கடலுக்குள் இருக்கிறது எடிஸ்டோன் பாறை. அதன்மேல் கட்டிய முதல் கலங்கரை விளக்கத்தைப் புயல் கொண்டுபோனது. அடுத்து வந்தது தீப்பிடித்து எரிந்தது. மீண்டும் ஒன்று கட்டித் தர 1756இல் ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளரைக் கூப்பிட்டார்கள். சாதாரணச் சுண்ணாம்புக் காரை காற்றுப் பட்டு மெல்ல மெல்லத்தான் இறுகும். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும் பாறையில் அது வேலைக்கு ஆகாது. ஸ்மீட்டன் ஊர் ஊராகச் சுண்ணாம்புக்கல் வரவழைத்துச் சுட்டுப் பார்த்தார். சுத்தமான, கெட்டியான கல்லே உசத்தி என்று அதுவரை எல்லோரும் நம்பியிருக்க, களிமண் கலந்த கல்லைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்புதான் தண்ணீருக்குள்ளும் இறுகியது. கலங்கரை விளக்கம் 1759இல் எழுந்தது. கூடவே ஓர் அறிவும் கரை ஏறியது: சுண்ணாம்பும் களிமண்ணும் நெருப்பில் சேர்ந்தால் தண்ணீரே அதை இறுக்கும்.

பிரான்சில் சுய்யாக் என்ற ஊரில் பாலம் கட்ட வந்த லூயி விக்கா என்ற இளம் பொறியாளர், இந்தக் கலவையை அளவு பார்த்துச் செயற்கையாகவே செய்யலாம் என்று 1810களில் நிரூபித்தார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் தன் பொடிக்குக் காப்புரிமை வாங்கினார். இறுகியபின் போர்ட்லண்ட் தீவின் உயர்ந்த ரகக் கல்லைப் போலவே இருக்கிறது என்று சொல்லி ‘போர்ட்லண்ட் சிமெண்ட்’ என்று பெயர் வைத்தார். சரக்கு விற்கத் தெரிந்த கொத்தனார். 1833இல் ரோன் நதிக்கரையில், தெய் என்ற ஊரில், லியோன் பவாங் தெ லஃபார்ஜ் தன் குடும்ப நிலத்துச் சுண்ணாம்புக் குன்றை வைத்துச் சூளை போட்டார். லஃபார்ஜ் என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுக்குப் போகும் வழியில் இன்னொரு முறை எதிர்ப்படும்.

இது சிமெண்டின் கதை. டைலின் கதைக்கு ஒரு சட்டைப் பித்தான் வேண்டும். 1840இல் ரிச்சர்ட் ப்ராஸர் என்ற ஆங்கிலேயர், ஈரமில்லாத களிமண் பொடியை இயந்திரத்தில் வைத்து அழுத்திப் பித்தான் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்டோக் நகரத்துப் பீங்கான் முதலாளி ஹெர்பர்ட் மிண்டன் அதைப் பார்த்தார். பித்தான் வருமென்றால் டைலும் வருமே என்று உடனே பங்கு வாங்கினார். மிண்டனுக்கு ஏற்கெனவே இன்னொரு பைத்தியம் இருந்தது. இடைக்காலத்து ஐரோப்பியத் தேவாலயத் தரைகளில் வண்ணக் களிமண்ணைப் பள்ளத்தில் நிரப்பிச் சுட்ட பூவேலை ஓடுகள் உண்டு. மறந்துபோன அந்தத் தொழிலை அவர் மீட்டெடுத்தார். லண்டன் நாடாளுமன்றத் தரையும் வாஷிங்டன் நாடாளுமன்றத் தரையும் மிண்டனின் சரக்கு. மும்பை பைகுல்லாவில் இருக்கும் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்துக்குப் போனால் நாமும் அதை மிதித்துப் பார்க்கலாம். தரைக்கு இது என்றால், சுவருக்கு இன்னொன்று: பளபளவென்று பல நிற மெருகேற்றிய ‘மஜோலிகா’. அதையும் மிண்டன் 1851 லண்டன் பொருட்காட்சியில் கடைவிரித்தார். இந்த இரண்டையும் உலகம் காப்பியடித்தது. இரண்டு காப்பிகளும் எண்பது ஆண்டுகள் சுற்றியலைந்து, கடைசியில் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. அந்த வீடு எங்கே இருக்கிறது என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.

மிண்டனின் தரை ஓட்டைச் செய்யச் சூளை வேண்டும், விறகோ நிலக்கரியோ வேண்டும், சூளைக்குள் வெடித்து வீணாவதைத் தாங்கப் பணம் வேண்டும். சிமெண்ட் கையில் இருந்தவர்கள் யோசித்தார்கள். தண்ணீரிலேயே இறுகும் பொருளைச் சுடுவானேன்? 1850களில், லஃபார்ஜ் சூளைக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் விவியே என்ற ஊரில் சிமெண்ட் டைல் பிறந்தது என்பது பிரெஞ்சுக்காரர்கள் கணக்கு. எங்களிடம்தான் என்று சண்டைக்கு நிற்பார்கள் ஸ்பெயினின் கத்தலோனியர்கள். யார் முதலில் செய்திருந்தாலும் விற்பனையில் கெட்டிக்காரர்கள் பார்சலோனாக்காரர்களே. அந்நகரின் கர்ரெட், ரிவெட் கம்பெனி 1867 பாரிஸ் பொருட்காட்சியில் இந்த டைலை உலகத்துக்குக் காட்டியது. நெருப்பே படாத பூக்கல்! ஒரு கை அழுத்து இயந்திரம், உலோக அச்சு, சிமெண்ட், மணல், வண்ணப் பொடி; இவ்வளவுதான் தொழிற்சாலை. காப்பியடிக்கிறவனுக்கு இதைவிட வசதியான தொழில் கிடையாது.

பார்சலோனாவில் 1886இல் தொடங்கிய எஸ்கொஃபெட் நிறுவனம் ஓவியர்களையும் கட்டடக் கலைஞர்களையும் கூப்பிட்டு டிசைன் வாங்கியது. வந்தவர்களில் ஒருவர் அந்தோனி கௌடி. பாட்லோ என்ற செல்வரின் வீட்டுக்காக அவர் 1904இல் ஓர் அறுகோணக் கல்லை வடிவமைத்தார். கடற்பாசியும் நத்தையும் நட்சத்திர மீனுமாகப் பல உயிர்கள் துண்டு துண்டாகக் கல்லுக்குள் ஒளிந்திருக்கும். ஏழு கல் சேர்ந்தால்தான் முழு உருவம் தெரியும். ஆனால் கல் தயாராவதில் தாமதம், பாட்லோ வீட்டில் வேறு தரை போட்டுவிட்டார்கள். அச்சு செய்த செலவை என்ன செய்வது? அடுத்து கௌடி கட்டிய மிலா வீட்டின் தரையில் அந்தக் கல் இறங்கியது. பின்னாளில் பார்சலோனா நகராட்சி அதே உருவத்தைத் தன் பெரிய வீதியின் நடைபாதைக்கே எடுத்துக்கொண்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் குனிந்து குனிந்து படம் எடுக்கும் அந்த நடைபாதைக்கு, சரக்கு நேரத்துக்கு வராத ஒரு வேலைதான் மூலம். வீடு கட்டியவர்களுக்கு இதில் ஆறுதல் இருக்கும்.

அதற்குப் பிறகு சிமெண்ட் டைலைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய கத்தலோனியர்கள் அதை ஹவானாவுக்குக் கொண்டுபோனார்கள். கியூபாவில் எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் கண் முதலில் தரைக்குத்தான் போகும். ஸ்பானியர்கள் போன இடமான மணிலாவுக்கும் போனது. பிரெஞ்சுக்காரர்கள் சைகோனுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் எடுத்துப் போனார்கள். நம் கடைகளில் ‘மொராக்கன் டைல்ஸ்’ என்று விற்பவற்றில் பல, மொராக்கோவுக்கே பிரான்சிலிருந்து வந்த சரக்கு. அந்நாட்டின் சொந்தத் தொழில் மெருகிட்ட களிமண் துண்டுகளை உளியால் வெட்டிப் பதிப்பது. டச்சுக்காரர்கள் 1927இல் ஜாவாவின் யோக்யகர்த்தாவில் ஒரு பட்டறை போட்டார்கள். பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரிலும் பட்டறைகள் வந்தன. போன இடமெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டு, ரோஜாப் பூ இருந்த இடத்தில் தங்கள் ஊர்ப் பூவை வைத்தார்கள்.

இப்போது லஃபார்ஜ். எகிப்தில் சூயஸ் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் முகப்பில் அலைதாங்கிச் சுவர் கட்டத் தண்ணீரில் இறுகும் சுண்ணாம்பு மலை மலையாக வேண்டியிருந்தது. 1864இல் லஃபார்ஜுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் ஆர்டர் கிடைத்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1869இல் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே ஆப்பிரிக்காவைச் சுற்றும் பயணம் தேவையில்லாமல் போனது. அதில் பெரும் லாபம் பார்த்த இடங்களில் ஒன்று பர்மா. 1852லேயே ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்த கீழ்ப் பர்மாவின் ஐராவதி டெல்டாவில் காடு அழித்து நெல் போட்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதி நாடாக பர்மா வளர்ந்தது. நிலம் திருத்தும் குடியானவனுக்கு ஏர் வாங்க, மாடு வாங்கக் கடன் வேண்டும். ஆங்கில வங்கிகள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நகரத்தார். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் செட்டியார்கள் மரப்பெட்டியும் கணக்கேடுமாக ரங்கூனில் கிட்டங்கி என்ற வட்டிக்கடைக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ரோன் நதிக்கரைச் சுண்ணாம்பு சூயஸில் இறுக, அந்த வழியாக பர்மா அரிசி போக, அந்த அரிசியின் வட்டி செட்டிநாட்டில் வீடாக எழுந்தது. அந்த வீட்டுக்குத் தரை வேண்டாமா?

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி இங்கே நிறையச் சொல்லத் தேவையில்லை, சினிமாவே சொல்லிவிட்டது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் நுழைந்தால் மறு தெருவில் வெளியே வரும் நீளம். பர்மா தேக்கு, இத்தாலிய சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி. ஆனால் சுவர்களை உற்றுப் பாருங்கள். இடுப்புயரத்துக்குப் பதித்திருக்கும் பளபளப்பான பூ ஓடுகளில் பல, பார்க்க மிண்டனின் மஜோலிகாவாகத் தெரியும், செய்தது ஜப்பான்.

ஜப்பானியர்கள் ஆங்கில ஓடுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, களிமண் பொடியை அழுத்தும் அந்தப் பித்தான் வித்தையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். 1914இல் உலகப் போர் வந்தது. ஆங்கிலக் கப்பல்களுக்கு வேறு வேலை வந்தது. சந்தை காலியாகக் கிடந்தது. அவாஜி தீவின் டான்தோ போன்ற நிறுவனங்கள் சிங்கப்பூர், பினாங்கு, இந்தியா என்று சரக்கை அனுப்பின. முதலில் ஆங்கில ரோஜா. பிறகு வாங்குகிறவர் யார் என்று பார்த்து வியாபாரம் செய்தார்கள். ரவி வர்மா 1894இல் மும்பையில் அச்சகம் போட்டு வீடு வீடாகக் கொண்டுசேர்த்த லட்சுமியும் சரஸ்வதியும் கண்ணனும் இருக்கிறார்களே, அந்தப் படங்களின் சாயலிலேயே ஜப்பானில் சாமி ஓடுகள் அச்சாகி வந்தன. கேரளத்து ஓவியர் வரைந்தது, ஜெர்மானிய இயந்திரத்தில் அச்சானது, ஜப்பானில் ஓடானது, ரங்கூன் வட்டிக் காசில் வாங்கப்பட்டது, செட்டிநாட்டுச் சுவரில் ஏறியது. இதில் எது அசல் என்று கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சுவருக்கு ஜப்பான் வந்தது சரி, தரைக்கு என்ன? இந்தியா அப்போது சிமெண்டுக்கும் வெளிநாட்டைத்தான் நம்பியிருந்தது. 1904இல் சென்னையில் கடல் சிப்பியை வைத்து சிமெண்ட் செய்யப் பார்த்த முயற்சி தோற்றது. 1914இல் போர்பந்தரில்தான் தொழில் காலூன்றியது. கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரை ஆலை 1934இல் வந்தது. நடுவில் 1922இல், பெரோஸ்ஷா சித்வா என்ற பார்சிக்காரரும் அவர் உறவினர் ருஸ்தமும் மும்பைக்கு எதிர்க்கரையில் உரண் என்ற ஊரில் ‘பாரத் டைல்ஸ்’ தொடங்கினார்கள். கராச்சியின் ஜம்ஷெட் நசர்வான்ஜி மேத்தா அவர்களுக்குத் தந்த ஊக்கம், அரசியல் சுதந்திரத்தோடு பொருளாதாரச் சுதந்திரமும் வேண்டும் என்பது. காந்தி நூலைக் கையில் எடுத்தார், சித்வா குடும்பம் சிமெண்ட் டைலை எடுத்தது. சுதேசி என்றவுடன் நமக்குக் கதர்தான் நினைவுக்கு வருகிறது. காலடியிலும் ஒரு சுதேசி இருந்திருக்கிறது.

மும்பையில் நடந்தது ஆலைத் தொழில். ஆத்தங்குடியில் நடந்தது இன்னும் துணிச்சலானது. அதே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெளிநாட்டுப் பூக்கல்லைப் பார்த்துச் செய்யத் தொடங்கிய இந்த ஊர்க்காரர்கள் ஐரோப்பிய முறையிலிருந்து அழுத்து இயந்திரத்தையே தூக்கி எறிந்தார்கள். அதன் இடத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்தார்கள்.

அந்தக் கண்ணாடிதான் ரகசியம். பட்டறையில் தொழிலாளி சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். முன்னால் சதுரக் கண்ணாடி. அதை அழுக்குத் தூசி இல்லாமல் துடைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டம் மாட்டுவார். சட்டத்துக்குள் தகட்டை வளைத்துச் செய்த அச்சு இறங்கும். பூவின் ஒவ்வோர் இதழும் ஒரு தடுப்பறை. பக்கத்தில் சின்னச் சின்னப் பாத்திரங்களில் சிமெண்டும் வண்ணப் பொடியும் தண்ணீரும் சேர்த்துத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து வைத்திருப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் இரும்பு ஆக்சைடு, பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. வெளிர் நிறங்களுக்கு வெள்ளை சிமெண்ட். கரண்டியால் மொண்டு ஒவ்வோர் அறையிலும் ஊற்றுவார். எந்த அறைக்கு எந்த நிறம் என்று எங்கும் எழுதி வைத்திருக்காது, கை அறியும். ஊற்றி முடித்ததும் அச்சை நேர்செங்குத்தாக, ஒரே மூச்சில் தூக்க வேண்டும். கை லேசாக ஆடினால் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். தூக்கியபின் நிறங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி நிற்கும், கலக்காது.

அதன்மேல் ஈரமில்லாத சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுவார். அது நிறக் கூழில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கும் மேல் உள்ளூர் மணல் கலந்த ஈரக் காரையை வைத்து, கொத்தனார் கரண்டியால் தட்டி மட்டம் செய்வார். பூ கீழே, முதுகு மேலே. தொழிலாளி தான் போட்ட கோலத்தைத் தானே பார்க்க முடியாது. நிழலில் ஒரு நாள் இருந்தபின் கல் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நாட்கணக்கில் ஊறும். வெளியே எடுத்துக் கண்ணாடியைக் கழற்றினால், கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் ஏறியிருக்கும். பாலிஷ் இல்லை, மெழுகு இல்லை, சூளை இல்லை. அச்சே இல்லாமல் இரண்டு மூன்று நிறக் கூழைக் கையால் அலைய விட்டுச் சலவைக்கல் கோடுகளைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அந்தக் கற்களில் ஒன்று இன்னொன்றாக இருக்காது. வீட்டில் பதித்தபின் அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். துடைக்கத் துடைக்க, நடக்க நடக்க மெருகு ஏறும்.

இப்படி ஒரு தொழிலுக்கு ஆர்டர் தந்துகொண்டிருந்த காசு திடீரென்று நின்றது. 1930களின் மந்தத்தில் பர்மா விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தார்கள். 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. அதற்கான கோபமும் சேர்ந்தே வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. ஜப்பானிய ஓடு பதித்த சுவர்களுக்குச் சொந்தக்காரர்கள், ஜப்பானிய குண்டுக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார்கள். போருக்குப் பின் பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டங்கள் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டன. வளவுகளில் கல்யாணம் குறைந்தது. கதவும் தூணும் கண்ணாடியும் லாரியேறின. காரைக்குடியின் பழம்பொருள் கடைத்தெருவில் இன்றும் அவற்றின் உறவினர்களைப் பார்க்கலாம்.

ஊரிலும் ருசி மாறியது. மொசைக் வந்தது, பிறகு மார்பிள், கிரானைட். பிறகு குஜராத்தின் மோர்பியிலிருந்து விட்ரிஃபைடு டைல்ஸ் வந்து எல்லாவற்றையும் மூடியது. கோலம் போட முடியாத, ஈரக்கால் வைத்தால் வழுக்கும், ஆனால் துடைப்பதற்குச் சுலபமான தரை. குறை சொல்ல மாட்டேன். வீட்டில் ஆள் குறைந்து வேலைக்குப் போகும் பெண்கள் கூடிய காலத்துக்கு அது வசதி. ஆத்தங்குடிப் பட்டறைகளில் அடுத்த தலைமுறை வேறு வேலை தேடிப் போனதும் இதே காலத்தில்தான்.

தொழில் சாகாமல் காப்பாற்றியவர்கள் பலர். செட்டிநாட்டு வீடுகளை விடுதிகளாக மாற்றியவர்கள் உடைந்த தரையைச் சரிசெய்ய அதே ஊர்க் கல்லையே தேடினார்கள். கோத்தமங்கலத்தில் 1910இல் கட்டிய சாரதா விலாஸை மீட்டெடுத்த பெர்னார்ட் டிராகன், மிஷேல் அத்மாங் என்ற கட்டடக் கலைஞர்கள் பிரான்சிலிருந்து வந்தவர்கள். ரோன் நதிக்கரையில் புறப்பட்டதாகச் சொல்லப்படும் கல்லை மெச்ச அந்த நாட்டிலிருந்தே ஆள் வர வேண்டியிருந்தது என்பதில் கொஞ்சம் வேடிக்கை இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. சென்னைக் கட்டடக் கலைஞர்கள் தங்கள் வரைபடங்களில் ஆத்தங்குடியை எழுத ஆரம்பித்தார்கள். படம் எடுத்துப் போடும் தலைமுறைக்கு அந்த நிறங்கள் பிடித்துப்போயின.

பிடித்ததும் என்ன நடக்கும்? வழக்கம்போல் காப்பி. பார்சலோனாவிலிருந்து அதே கடற்கரையோரம் தெற்கே போனால் காஸ்தெயோன் வரும். ஸ்பெயினின் பீங்கான் ஓட்டுத் தலைநகரம். டைல் மேல் எந்தப் படத்தையும் மைச் சொட்டுகளால் அச்சடிக்கும் இயந்திரம் 2000ஆம் ஆண்டு அங்கேதான் சந்தைக்கு வந்தது. அந்தத் தொழில்நுட்பம் மோர்பிக்கும் வந்தபின், ஆத்தங்குடிக் கல்லைப் படம் பிடித்துப் பீங்கானில் அச்சடித்து ‘ஆத்தங்குடி டிசைன்’ என்று விற்பது சுலபமாகிவிட்டது. கையில் வார்த்ததால் வரும் நிறப் பிசிறைக்கூட அச்சடித்துத் தருகிறார்கள்! காப்பியடிப்பதைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கல்லே காப்பியடித்துப் பிறந்ததுதான். ஆனால் இதுவரை நடந்த ஒவ்வொரு காப்பியும் ஒரு புது ஊரில் ஒரு புதுக் கைக்கு வேலை கொடுத்தது. ஹவானாவில், நாப்லுஸில், யோக்யகர்த்தாவில், ஆத்தங்குடியில் ஆட்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். அச்சடித்த கல்லுக்கு அப்படிக் கற்றுக்கொள்ளும் ஆள் தேவையில்லை. ஊர்ப்பெயர் மட்டும் போதும். எனக்கு உறுத்துவது அதுதான்.

ஆகவே ஊர்த் தொழிலாளிக்காக வாங்குகிறோம் என்பவர்கள், வாங்கும்போது சில விஷயங்களைத் தெரிந்து வாங்கினால் நல்லது. ‘சூளையே இல்லை, அதனால் சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற விளம்பரத்தை அப்படியே விழுங்க வேண்டாம். டைலைச் சுடுவதில்லை, உண்மை. அதற்குள் இருக்கும் சிமெண்டை ஆலையில் சுமார் 1450 டிகிரியில் சுட்டுத்தான் எடுக்கிறார்கள். இந்தக் கல்லை வாங்க வலுவான காரணம் அதில் இருக்கும் கைவேலை. அந்தக் கைக்கு நேரம் கொடுக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு வாரம் முன்னால் போன் போட்டு அவசரப்படுத்தினால், தொட்டியில் ஊற வேண்டிய நாட்களில்தான் கை வைப்பார்கள்; பழி கல்லின் மேல் விழும். வீட்டு வேலை பூச்சுக்கு வரும்போதே சொல்லிவிடுங்கள். தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வாங்கி மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வையுங்கள். அடுத்த வருடம் கேட்டால் அதே சிவப்பு வராது.

பதிப்பதற்கும் பழகிய ஆள் வேண்டும். ஒவ்வொரு கல்லும் கனத்தில் நூலிழை வித்தியாசப்படும். பசை தடவி ஒட்டும் டைல்ஸ்காரருக்கு அது சரிப்படாது, காரை மெத்தை போட்டு மட்டம் பார்த்துப் பதிக்கத் தெரிந்தவரே சரி. கல் வாங்கும் பட்டறையிலேயே கேட்டால் ஆள் சொல்வார்கள். அவருடைய பயணச் செலவையும் சாப்பாட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பேரத்தில் கழிக்காதீர்கள். சமையலறையில் போடுவதாக இருந்தால் எலுமிச்சையும் புளிக்கரைசலும் சிந்தியவுடன் துடைக்க வேண்டும்; சிமெண்டுக்குப் புளிப்பு ஆகாது. அதே காரணத்தால், குடிபோகும் அவசரத்தில் தரையைச் சுத்தம் செய்ய வருகிறவர் ஆசிட் பாட்டிலோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். ஒரே ஒரு கழுவலில் கண்ணாடி தந்த மெருகு போய்விடும்.

கடையில் ‘ஆத்தங்குடி’ என்று எதைக் காட்டினாலும் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் புரட்டி அதன் ஓரத்தைப் பாருங்கள். மேலே பூவின் நிறம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருந்து, கீழே சாம்பல் நிறக் காரை தெரிந்தால் அது கையில் வார்த்தது. நிறம் மேல்தோலோடு நின்றிருந்தால் அது வெறும் படம். கேட்ட விலையைக் கொடுக்காதீர்கள். முடிந்தால் ஒரு நாள் ஒதுக்கிக் காரைக்குடிக்கு பஸ் ஏறிப் போய், பட்டறையிலேயே உட்கார்ந்து உங்கள் வீட்டுக்கு நிறம் சொல்லி ஆர்டர் கொடுங்கள்.